காவல் நாய்க்குப் போட்ட ஒரு கை சோறு

அந்த முகாமில் போய் இறங்கியதும் உங்கள் கையில் முதலில் கொடுப்பது ஒரு தொப்பியாகத்தான் இருக்கும். காக்கி நிறம். முன்பக்கம் சிவிங்கிப்புலியின், அதாவது சீட்டாவின், தலையைத் தையலில் போட்டிருப்பார்கள். வெயிலுக்கு நல்லதுதானே என்று மாட்டிக்கொள்வீர்கள். நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். அந்தத் தொப்பியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இந்த ஆண்டு நீங்கள் சிலர் போட்ஸ்வானாவுக்குத் தன்னார்வலர்களாகப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது சந்தோஷமாக இருந்தது. "அங்க இருந்துட்டு வந்தவரு நீங்கதான், எங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்று நீங்கள் கேட்டபோது தயங்கினேன். நீங்களெல்லாம் விலங்கியல் படித்தவர்கள். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். காட்டில் கேமரா எப்படி வைப்பது, விலங்குக்குக் கழுத்துப்பட்டை எப்படி மாட்டுவது என்பதெல்லாம் அங்கே சொல்லித்தருவார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது, அங்கே நான் தலைகுனிந்து நின்ற ஒரு நாளைப் பற்றித்தான். படித்துவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை. அதே இடத்தில் நீங்கள் நிற்காமல் இருந்தால் போதும்.

அறந்தாங்கிக்குத் தெற்கே எங்கள் ஊர். ஆடு மேய்க்க ஆள் இல்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். ஆட்டுக்குப் பின்னால் நடப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் போகும் பழைய வகுப்புப் பையன்கள் கண்ணில் படாமலிருக்கக் கண்மாய்க் கரைக்கு அந்தப்பக்கமாகவே மேய்ப்பேன். அதிலிருந்து தப்பித்துத்தான் அறந்தாங்கியில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். பிறகு சவுதி, பிறகு கத்தார். வாழ்நாள் முழுக்கப் பெரிய ஜீப்புகளின் அடியில் படுத்துக் கிடந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு, போட்ஸ்வானாவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காக மனைவியும் நானும் போனோம். அவர்கள் இருப்பது தலைநகரில். பிள்ளை பிறந்து வீடு நிறையப் பெண்கள் வந்துவிட, எனக்கு வேலையில்லை. மருமகன்தான், தனக்குத் தெரிந்தவர்கள் நடத்தும் விலங்கு ஆராய்ச்சி முகாமில் வண்டிகள் அடிக்கடி மக்கர் செய்கின்றன, ஒரு வாரம் போய்ப் பார்த்துக் கொடுங்கள் மாமா என்றார். சாப்பாடும் படுக்கையும் தருவார்கள், சம்பளம் கிடையாது. போனேன். அந்த ஒரு வாரம் பல வருடங்களாகிவிட்டது. ஒவ்வொரு முறை மகளைப் பார்க்கப் போகும்போதும் முகாமுக்குப் போய்விடுவேன். சர்க்கரை வந்து கண் மங்கும்வரை அது நடந்தது.

என் குணத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் கவலைப்படுகிறவன். சக்கரத்து நட்டை இரண்டாம் முறை முறுக்கிப் பார்க்காமல் ஒரு வண்டியையும் வெளியே விட்டதில்லை. "இந்த மனுசன நம்பி ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாது. பாதி வழியில கேஸ அடைச்சமான்னு பஸ்ஸ விட்டு எறங்கிருவாரு" என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யில்லை. முகாமில் என் பாஸ்போர்ட்டை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு தூங்கியவன் நான். எல்லாவற்றுக்கும் கவலைப்பட்ட நான், கவலைப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் கவலைப்படவில்லை.

முகாமின் வேலை இரண்டு. சிவிங்கி, சிறுத்தை, கழுதைப்புலி இவையெல்லாம் எங்கே நடமாடுகின்றன, எதைத் தின்று பிழைக்கின்றன என்று ஆராய்வது ஒன்று. ஆடு வளர்ப்பவர்கள் அவற்றைக் கொல்லாமல் இருக்க வழி பார்ப்பது மற்றொன்று. அந்த வழிகளில் ஒன்றுதான் காவல் நாய். உள்ளூர் நாய்க்குட்டி ஒன்றைப் பால்குடி மறந்ததும் ஆட்டுப்பட்டிக்குள் விட்டுவிடுவார்கள். அது ஆடுகளோடேயே தின்று, ஆடுகளோடேயே படுத்து வளரும். மனிதர் யாரும் கொஞ்சக்கூடாது, வீட்டுப் பக்கம் அழைக்கக்கூடாது, கையால் எதுவும் போடக்கூடாது. சோளக் களியைப் பட்டிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். வளர்ந்த பிறகு அந்த நாய்க்குச் சொந்தக்காரர்கள் ஆடுகள்தான். சிவிங்கி வந்தால் முன்னால் போய் நின்று குரைக்கும். சிவிங்கி சண்டைக்கு நிற்கிற ஜாதி இல்லை. எதிர்த்து நின்றால் விலகிப் போய்விடும். ஆடும் பிழைக்கும், சிவிங்கியும் பிழைக்கும்.

இந்த விதிகளை முதல் நாளே எனக்குச் சொன்னார்கள். புரியவும் செய்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

முகாமிலிருந்து ஒரு மணி நேரம் போனால் ஓர் அம்மாளின் ஆட்டுப்பண்ணை. அவருக்கு என் வயதுதான் இருக்கும். கணவர் இல்லை. கூலிக்கு மேய்த்தவனும் நகரத்துக்குப் போய்விட்டான். அவருக்கு எங்கள் முகாம் ஒரு காவல் நாய் கொடுத்திருந்தது. அவருடைய ஆழ்குழாயின் டீசல் எஞ்சின் நோஞ்சான். நல்லெண்ணத்துக்காக வாரம் ஒருமுறை நான் போய் அதைப் பார்த்துக் கொடுப்பேன். முகாம் வண்டி, முகாம் தொப்பி. அங்கே பெண்களை 'ம்மா' என்று அழைப்பார்கள். எனக்கு அது சுலபமாக வாயில் வந்தது. அவருக்கும் எனக்கும் தெரிந்த ஆங்கிலத்தைச் சேர்த்து வைத்தாலும் ஒரு கை நிறையாது. ஆனாலும் பேசிக்கொள்வோம். போகப்போக அவர் பாஷையும் கேட்டால் புரிகிற அளவுக்கு எனக்குப் பழகிவிட்டது. அவர் பேசியதை நம் பேச்சிலேயே இங்கே எழுதுகிறேன்.

வேலை முடிந்ததும் பட்டிக்குப் பக்கத்தில் ஒரு முள்மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். நம் கருவேலுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் அந்த மரம். ஊரிலிருந்து மனைவி சுமந்து வந்து, தலைநகரிலிருந்து கட்டிக் கொடுத்து அனுப்பிய மீமிசல் கடற்கரைக் கருவாட்டுத் தொக்கு ஒரு பாட்டில் இருந்தது. அதைச் சோற்றில் பிசைந்து டிபனில் கொண்டுபோவேன். முதல் தடவை டிபனைத் திறந்ததும் அந்த நாய் பட்டியிலிருந்து எழுந்து வந்து எதிரே நின்றது. மஞ்சள் நிறம், ஒல்லி, ஒரு காது மடிந்தது. குரைக்கவில்லை, வாலாட்டவில்லை. என் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தது.

நம் வீடுகளில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஜீவன் எதிரே நின்று வாயைப் பார்க்கும்போது அதற்கு ஒரு வாய் போடாமல் நாம் விழுங்க மாட்டோம். தின்றது செரிக்காது, வயிற்றை வலிக்கும் என்று ஆத்தா பயமுறுத்தியது இந்த வயதிலும் எனக்குள் இருக்கிறது. அதுவும் நான் கவலைப்படுகிறவன். விதி நினைவுக்கு வந்தது. ஒரு கை சோற்றில் என்ன ஆகிவிடும் என்றும் தோன்றியது. ஓர் இலையில் ஒரு கை வைத்துத் தள்ளினேன். "தின்னு மாப்ள" என்றேன். இலையையும் சேர்த்து நக்கிவிட்டு மறுபடி நின்றது.

அப்புறம் வாரா வாரம் அது வழக்கமாகிவிட்டது. மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

"நாயப் போயி மாப்ளன்னு கூப்புடுறீங்களாப்பா? இவுக காதுல விழுந்துறப் போகுது."

"ஒன் வீட்டுக்காரர விட இந்த மாப்ள மரியாதை தெரிஞ்சது. நான் சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் எந்திரிக்காது."

"தொக்கு தீந்துருச்சுன்னு நேத்து கேட்டீகளே, இதுக்குத்தானா?" என்று பின்னாலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "நான் அம்புட்டுத் தூரம் செமந்துக்கிட்டு வந்தது நாய்க்கு!"

எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நாளில் வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே நாய் ஓடிவந்து வேலிக் கதவருகே நிற்க ஆரம்பித்தது. பண்ணைக்கார அம்மாள் வாசலில் நின்று பார்த்துச் சிரிப்பார். எனக்கும் மனசு நிறைந்திருந்தது. அந்த ஊரில் என் பெயரை யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. அந்த நாய்க்கு என் வண்டி தெரிந்திருந்தது.

ஒரு நாள் காலை, பண்ணையைத் தாண்டி மேற்கே ஒரு கேமராவுக்கு பேட்டரி மாற்றப் போய்க்கொண்டிருந்தேன். அன்று பண்ணையில் எனக்கு வேலை இல்லை. நேரே போய்விட்டேன். கொஞ்ச தூரம் போனதும் வண்டியின் பக்கக் கண்ணாடியில் புழுதிக்குள் ஏதோ மஞ்சளாக ஓடிவருவது தெரிந்தது. நிறுத்தினேன். மாப்ளைதான். நாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் அவ்வளவு தூரம் ஓடி வந்ததைப் பார்த்து எனக்குப் பதறியது. தண்ணீர் ஊற்றினேன். டிபனைத் திறந்து ஒரு கை, இன்னொரு கை. "போ மாப்ள, வீட்டுக்குப் போ" என்று கையைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன். அது அங்கேயே ரோட்டில் படுத்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். திரும்பி வரும்போது அது அங்கே இல்லை. வீட்டுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று முழுவதும் நான் கவலைப்பட்டேன். எதற்குத் தெரியுமா? வெயிலில் ஓடியதில் அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. அது விட்டுவிட்டு வந்த ஆடுகளைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை.

சில நாள் கழித்து அந்த அம்மாள் ஆள் அனுப்பியிருந்தார். ஆடுகளை அடித்த சிவிங்கி கூண்டில் விழுந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்பதுதான் சேதி. எங்கள் முகாம் பொறுப்பாளர் அந்த நாட்டுக்காரர், என் மகளைவிட இளையவர். "கூண்டுக் கதவு இறுகியிருந்தா ஒங்க கை வேணும், வாங்க" என்று என்னையும் கூப்பிட்டார். வண்டியை நான்தான் ஓட்டினேன். வழியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "நாய் இருக்கும்போது எப்படி ஆட்டை அடிச்சது?" நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். புழுதியில் படுத்திருந்த மஞ்சள் நாய் கண்ணுக்குள் வந்துவிட்டது.

பண்ணைக் கதவைத் திறந்ததும் முதலில் காதில் விழுந்தது அந்த அம்மாளின் குரல்தான்.

"மாப்ளா! மாப்ளா!"

வீட்டுக்குப் பின்புறமிருந்து நாய் ஓடி வந்தது. வாசலில் ஒரு தட்டு. தட்டில் எலும்பு. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். பொறுப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வார்த்தை அந்த நாட்டு வார்த்தை இல்லை என்று அவருக்குத் தெரியும். முகாமில் நான் போனில் பேசுவதை அவர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்.

கூண்டு கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய மரத்தடியில் இருந்தது. சிவிங்கிகள் வந்து மோந்து பார்த்து மூத்திரம் விட்டுப் போகும் மரம் அது. பக்கத்துப் பண்ணையில் இரவல் வாங்கி வைத்த இரும்புக் கூண்டு. உள்ளே ஒரு பெட்டை சிவிங்கி. கம்பியில் முட்டி முட்டி மூக்கு பிய்ந்து, முகமெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் சீறவில்லை. மூலையில் ஒடுங்கிக்கொண்டது. மடியைப் பார்த்துவிட்டுப் பொறுப்பாளர் மெதுவாகச் சொன்னார்: "பால் குடிக்கிற குட்டி இருக்கு."

அந்த அம்மாளின் கையில் துப்பாக்கி இருந்தது. யார் மேலும் நீட்டவில்லை. ஊன்றுகோல் மாதிரி தரையில் ஊன்றியிருந்தார்.

"விழுந்து எத்தன நாளாச்சு ம்மா?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"முந்தாநாள்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். சுட்டும் இருக்கலாம். சுட்டுக் குழி தோண்டியிருந்தா ஒங்களுக்குத் தெரியவா போகுது? நாயக் குடுத்தவுககிட்ட ஒரு வார்த்தை கேக்காம செய்யக்கூடாதுன்னு ரெண்டு நாளா எம் மனசோட சண்டை போட்டேன். கேக்குறேன், சொல்லுங்க. ஒங்க நாய் என்னத்தக் காத்துச்சு? செனை ஆடெல்லாம் போச்சு. நான் கத்திக்கிட்டு ஓடுறேன், நாயக் காணோம்."

பொறுப்பாளர் பதில் சொல்வதற்குள் அவரே என் பக்கம் திரும்பினார்.

"இவரு வாராவாரம் அதுக்குச் சோறு வச்சாரு. பட்டிக்கு வெளிய, மரத்தடியில, கையால. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். ஒங்க வண்டியில வந்தாரு, ஒங்க தொப்பி போட்டிருந்தாரு. மொதல்ல நீங்க சொன்னது ஒண்ணு, இவரு செய்யிறது ஒண்ணா இருக்கேன்னு நெனச்சேன். அப்புறம், இதான் புது மொறை போல, தெரிஞ்சவுக செய்யிறாகன்னு நானும் வீட்டு வாசல்ல வச்சுக் குடுக்க ஆரம்பிச்சேன். இவரு கூப்புட்ட பேரச் சொல்லித்தான் நானும் கூப்புட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. பாடத்தைச் சரியாகச் செய்த பிள்ளை, விடை ஏன் தப்பாக வந்தது என்று கேட்பது போலக் கேட்டார்.

நான் தொப்பியைக் கழற்றினேன். எதற்குக் கழற்றினேன் என்று தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் தப்பை நான் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அவரே சொல்லி முடித்திருந்தார். பொறுப்பாளர் என்னைக் காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாய்க்கு நோவு, வேறு நாய் தருகிறோம் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"இதத் தொறந்து விட்டா நாளைக்கி மறுபடி வரும்," என்றார் அம்மாள். "நாய் வீட்டு வாசல விட்டு நகராது. நான் எஞ்சின் பாக்கணும், தண்ணி எறைக்கணும். பட்டிக்கு யாரு நிப்பா? அதச் சொல்லிட்டுத் தொறங்க. இல்லாட்டி ஒதுங்கி நில்லுங்க."

துப்பாக்கியைத் தரையிலிருந்து தூக்கினார்.

பொறுப்பாளர் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. முகாமில் ஆள் குறைவு. யாரை அனுப்புவது, எத்தனை நாளைக்கு. சொல்லிவிட்டுச் செய்ய முடியாமல் போனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பண்ணையும் இனி முகாமை நம்பாது. அதனால்தான் உடனே சரி என்று அவர் சொல்லவில்லை. இதை எனக்குப் பிற்பாடுதான் விளக்கினார். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் கூண்டுக்குள் அந்தக் காய்ந்த ரத்தமும், எனக்கு எதிரே அந்த அம்மாளின் கண்களும்.

"ஐ ஸ்டேன்ட்," என்றேன். "டாக் ஓகே ஆகுற வரைக்கும், ஐ ஸ்டேன்ட் கோட்."

நாய் சரியாகும்வரை ஆட்டுக்குக் காவலாக நான் நிற்கிறேன் என்பதைப் பாதி ஆங்கிலம், பாதி நம் பேச்சில் சொன்னேன். புரிந்துவிட்டது. அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆடு மேய்ப்பீங்களா நீங்க?"

"தெரியும்," என்றேன். வாழ்நாளில் யாரிடமும் அதை நான் தலைநிமிர்ந்து சொன்னதில்லை. அன்றும் நிமிரவில்லை.

இதைத் தைரியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யோசித்துச் சொன்னதும் இல்லை. அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல் வாயில் வந்ததுதான். சரியாக அமைந்தது என் அதிர்ஷ்டம். நீங்கள் பொறுப்பாளரைப் போலக் கணக்குப் போட்டுவிட்டே பேசுங்கள்.

கதவு இறுகித்தான் இருந்தது. நெம்பித் திறந்துவிட்டு வண்டிக்குள் ஏறிக்கொண்டோம். அது உடனே வெளியே வரவில்லை. தலையை நீட்டி, பின்னுக்கு இழுத்து, மறுபடி நீட்டி, ஒரே பாய்ச்சலில் புதருக்குள் போய்விட்டது. பிறகு குருவி கத்துவது போல ஒரு சத்தம். சிவிங்கிக் குட்டிகள் அப்படித்தான் தாயைக் கூப்பிடும். நாங்கள் நகராமல் கேட்டுக்கொண்டிருந்தோம். பொறுப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கூண்டைச் சுத்தி ரெண்டு குட்டியோட தடம் இருந்துச்சு," என்றார். "சத்தம் ஒரு பக்கமிருந்துதான் வருது."

அந்த இன்னொரு குட்டியை எங்கள் கேமரா எதிலும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. தாய் கூண்டில் கிடந்த நாட்களில் அதற்கு என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது. இன்றும் நான் சோற்றைப் பிசையும்போது அந்தச் சத்தம் சில நாள் காதில் கேட்கும்.

முகாமுக்குத் திரும்பும் வழியில் என்னால் தாங்க முடியவில்லை. "நான் ஊருக்குப் போயிறவா?" என்று கேட்டேன். ஏன் செய்தாய் என்று அவர் கேட்பார், ஆத்தா கதையைச் சொல்லலாம் என்று மனசுக்குள் வார்த்தைகளைக் கூட்டி வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"நாளைக்கு மத்தியானம் பட்டிப் பக்கத்தில சாப்பிடும்போது, எந்தப் பக்கம் பாத்து உக்காருவீங்க?" என்றார்.

அவ்வளவுதான். என் தப்பைப் பற்றி அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசியதே இல்லை.

மறுநாள் முதல் நான் ஆடு மேய்த்தேன். சவுதியும் கத்தாரும் பார்த்து, பேரன் எடுத்த பிறகு, கையில் கம்போடு ஆட்டுக்குப் பின்னால் நடந்தேன். சேதி மகள் காதுக்கும் போய்விட்டது.

"அப்பா, நெசமாவா? ஆடு மேய்க்கவா போட்ஸ்வானா வந்தீங்க?" மகளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "இவுக ஆபீஸ்ல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"நாய்க்குப் பதிலா நிக்கிறாருன்னு சொல்லு."

போன் கை மாறியது. என் மனைவி.

"ஏங்க, சாப்புட்டீகளா?"

"ம்."

"யாரப் பாத்துக்கிட்டு?"

நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தேன். பிறகு அவளே, "தொக்கக் குடுத்துவிட்டதே நாந்தானே, விடுங்க" என்றாள். கிண்டலாகப் பேசியே பழகியவள் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாயைத் திருத்துவது என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாசலில் தட்டு கிடையாது. களி பட்டிக்குள் மட்டும். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. அது ஆட்டை விட்டுவிட்டு என்னிடம் வந்தால் நான் விரட்ட வேண்டும். சொல்வது சுலபம். முதல் மத்தியானம் டிபனைத் திறந்தேன். வந்து எதிரே நின்றது. எழுந்து திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சுற்றிக்கொண்டு மறுபடி எதிரே வந்தது. மறுபடி திரும்பினேன். இப்படியே அந்த மரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டோம் இருவரும். கடைசியில் ஒரு மண்கட்டியை எடுத்து அதன் பக்கத்தில் எறிந்தேன். அது பயப்படவில்லை. என்ன விளையாட்டு என்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. இரண்டாவது கட்டியை அதன் மேலேயே எறிந்தேன். அப்போதுதான் போனது. அன்று தின்ற சோறு உண்மையிலேயே எனக்குச் செரிக்கவில்லை.

பண்ணைக்கார அம்மாள் முதல் சில நாள் என்னோடு பேசவில்லை. ஒரு மத்தியானம், தன் களிக் கிண்ணத்தோடு வந்து, எனக்குக் கொஞ்சம் தள்ளி, அவரும் பட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இருவரும் வெட்ட வெளியைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

"பாக்குதா?" என்றார்.

"நான் திரும்பல ம்மா."

"நானும் திரும்பல," என்றார். "ஆனா பாக்குது. எனக்கு முதுகு கூசுது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்கு இன்னும் உரிமை வரவில்லை என்று தோன்றியது.

பல வாரம் ஆனது. ஒரு முற்பகலில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தபோது திடீரென்று எல்லாம் தலைதூக்கின. புல்லின் விளிம்பில் அந்தத் தலை தெரிந்தது. மூக்கில் தழும்பு. அதே தாய். அதன் பின்னால் புல் அசைந்தது. ஒரே ஓர் இடத்தில்தான் அசைந்தது. கத்த வேண்டும், கம்பைத் தூக்க வேண்டும். இரண்டும் எனக்கு மறந்துபோனது. அப்போது என்னைத் தாண்டி மஞ்சளாக ஒன்று போனது. ஆடுகளுக்கும் அதற்கும் நடுவில் போய் நின்று, கழுத்து மயிர் சிலிர்க்க, மார்பிலிருந்து குரைத்தது. நான் அதுவரை அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. தாய் சிவிங்கி கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு திரும்பி, அவசரமில்லாமல், குட்டியோடு போய்விட்டது.

நாய் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடுகளைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு நிழலில் படுத்தது. ஓடிப்போய் அதன் தலையைத் தடவ வேண்டும் என்று கை துடித்தது. கையைக் கக்கத்தில் வைத்து இறுக்கிக்கொண்டேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டபின் நீங்கள் செய்கிற எதுவும் உங்களோடு போவதில்லை. வாயால் ஆயிரம் விதி சொல்லியிருப்பார்கள். பார்க்கிறவர்கள் உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள். கருணை என்று நீங்கள் ஒரு கை அள்ளி வைத்தால், இதுதான் முறை போல என்று பின்னால் ஒருவர் ஒரு தட்டு வைப்பார். நீங்கள் வண்டி ஏறிவிடுவீர்கள். அவர் ஆடுகளோடு அங்கேயே இருப்பார். படிக்காதவன் சொல்வதை யார் கேட்பார்கள் என்று நான் வாழ்நாளெல்லாம் நினைத்திருந்தேன். அந்த அம்மாள் கேட்டார். நான் வாயே திறக்காமல் சொன்னதைக் கேட்டார்.

மேற்கே போகும் ரோட்டில் அந்தப் பண்ணை இன்னும் இருக்கிறது. உங்களையும் ஒரு நாள் எஞ்சின் பார்க்க அனுப்புவார்கள். அங்கே சாப்பிட நேர்ந்தால் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

நான் அங்கிருந்து கிளம்பிய கடைசி நாளில் அதே வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். பண்ணைக் கதவைத் தாண்டியதும் என்னையறியாமல் வேகம் குறைந்தது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவைத்திருந்தேன். ஆடுகள் வேலியோரம் நின்றன. நடுவில் மாப்ளை படுத்திருந்தது. சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கி வண்டியைப் பார்த்தது. ஒரு காது நிமிர்ந்தது. நான் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன், வளைவு வரும்வரை.

அது எழுந்து வரவில்லை.